கிரைண்டரும் மிக்ஸியும்: பழுதுபார்க்கும் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரைண்டர், மிக்ஸி பழுதுபார்க்கும் கடைக்கு வருபவர்கள் மோட்டாரைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. இட்லி ஏன் கல்லாக இருக்கிறது, கரண்ட் பில் ஏன் ஏறியது, மகள் வெளிநாடு போகிறாள், எதைக் கட்டிக் கொடுத்து அனுப்பலாம் என்று எல்லாவற்றையும் கேட்கிறார்கள். ஓயாமல் வரும் கேள்விகளையும் நான் வழக்கமாகச் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதுகிறேன். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை: திருப்புளியை வைத்துத் திறக்க முடிந்த, உதிரிபாகம் உள்ளூரில் கிடைக்கிற பொருள்தான் என் கணக்கில் நல்ல பொருள். பளபளப்பெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மிக்ஸி இருக்கும்போது கிரைண்டர் எதற்கு?

சட்னிக்கும் மசாலாவுக்கும் கிரைண்டர் தேவையில்லை. உளுந்துக்குத் தேவை. மிக்ஸியின் பிளேடு நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுற்றி உளுந்தை வெட்டுகிறது. கல் அதை மெதுவாக நசுக்குகிறது. வேகமாக வெட்டினால் மாவு சூடாகும். ஜாரிலிருந்து வழிக்கும்போது கை வைத்துப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கும். கல்லில் அந்தச் சூடு ஏறுவதில்லை. அரைமணி நேரம் சுற்றச் சுற்ற மாவு காற்றை உள்ளே இழுத்துப் பொங்குகிறது.

உளுந்தில் இருக்கும் குளோபுலின் என்ற புரதமும் அராபினோகேலக்டன் என்ற பசைப் பொருளும் சேர்ந்துதான் அந்த நுரையைக் கலையாமல் பிடித்து வைக்கின்றன. பிறகு இரவில் லூகோனோஸ்டாக் என்ற பாக்டீரியா வேலை செய்து வாயுவை உண்டாக்கும்போது, அந்த வாயு தப்பிப் போகாமல் மாவுக்குள்ளேயே நிற்கிறது. இட்லி பஞ்சாக வருவதன் சூட்சுமம் இதுதான். கிரைண்டரில் ஒரு பங்கு உளுந்துக்கு நான்கு பங்கு இட்லி அரிசி தாராளமாகப் போடலாம். மிக்ஸியில் மூன்றுக்கு மேல் போனால் இட்லி இறுகும். வீட்டில் பெரியவர்கள் ‘கிரைண்டரில்தான் உளுந்து காணும்’ என்று சொல்வதில் பிடிவாதம் பாதி என்றால், கணக்கு மீதிப் பாதி.

எங்களுக்கு மிக்ஸிதான் வசதி. அதிலேயே ஒழுங்காக அரைக்க வழி உண்டா?

உண்டு. ஊறிய உளுந்தையும் ஊறவைத்த தண்ணீரையும் ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துக் குளிர வைத்துக்கொள்ளுங்கள். ஜாரில் பாதிக்கு மேல் போடாதீர்கள். அரை நிமிடம் ஓட்டி, நிறுத்தி, பக்கத்தில் ஒட்டியதைத் தள்ளிவிட்டு, ஐஸ் தண்ணீரைக் கொஞ்சமாகத் தெளித்து மறுபடி ஓட்டுங்கள். தண்ணீர் நிறைந்த கிண்ணத்தில் ஒரு துளி மாவைப் போட்டால் மிதக்க வேண்டும். மூழ்கினால் இன்னும் அரைபட வேண்டும். உளுந்தோடு ஒரு தேக்கரண்டி வெந்தயத்தை ஊறப்போட்டால் குறை தெரியாது. ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும்.

கிரைண்டர் கோயம்புத்தூரில்தான் பிறந்ததா?

ஆம். 1955-ஆம் ஆண்டு பி. சபாபதி என்பவர் அங்கே முதல் கிரைண்டரைச் செய்தார். அதிலுள்ள யோசனை அழகானது. ஆட்டுக்கல்லில் கல் அசையாமல் கிடக்கும். கை வலிக்க வலிக்கக் குழவியைச் சுற்றுவோம். கிரைண்டரில் அதைத் தலைகீழாக்கினார்கள்: குழவியை ஓரிடத்தில் பிடித்து நிறுத்திவிட்டுக் கல்லைச் சுற்ற வைத்தார்கள். மோட்டாரைக் கீழே ஒளித்து வைக்க அதுதான் வசதி. ஊத்துக்குளிப் பக்கத்துக் கருங்கல், கோவையின் வார்ப்பட ஆலைகள், அங்கேயே செய்யப்பட்ட மோட்டார்கள் என்று மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால் தொழில் அந்த ஊரிலேயே வேர்விட்டது. ‘கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்’ என்ற பெயருக்குப் புவிசார் குறியீடும் உண்டு.

வரியிலும் கிரைண்டருக்குச் சில ஆண்டுகள் ஒரு சலுகை கிடைத்தது. 2019 செப்டம்பரில் கோவாவில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில், கல்லால் அரைக்கும் கிரைண்டருக்கான வரியை 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைத்தது. அப்போது மிக்ஸிக்கு 18 சதவீதம். தில்லிக்காரர்களுக்குக் கிரைண்டர் என்றால் என்ன என்று புரிய வைக்கவே கோவைத் தொழில்முனைவோர் படாத பாடு பட்டிருப்பார்கள் என்பது என் ஊகம்.

டேபிள் டாப் வாங்குவதா, டில்டிங் வாங்குவதா?

நான்கு பேர் வீட்டுக்கு 2 லிட்டர் டேபிள் டாப் போதும். டிரம்மைத் தூக்கிக் கழுவலாம், மேடை மேலேயே வைத்துக்கொள்ளலாம். ஆனால் முதுகு வலி உள்ளவர்கள் கல்லோடு டிரம்மைத் தூக்கி ஒருமுறை பார்த்துவிட்டு வாங்குங்கள். கடைக்காரர் ஒரு கையால் தூக்கிக் காட்டுவது கண்கட்டு வித்தை. அவர் தினமும் அதையேதான் செய்கிறார்.

டில்டிங்கில் பாத்திரத்தைச் சாய்த்தால் மாவு தானாக வந்து விழும், தூக்க வேண்டியதில்லை. விலையும் இடமும் கூடுதல். கூட்டுக் குடும்பம், அடிக்கடி விருந்து என்றால் அது. மூன்று கல், நான்கு கல் என்று விளம்பரம் செய்வார்கள். இரண்டு கல்லே நன்றாக அரைக்கும். கல் எத்தனை என்பதைவிட, குழவி அடிக்கல்லில் இடைவெளி இல்லாமல் உட்காருகிறதா, ஓடும்போது தத்துகிறதா என்று பாருங்கள்.

தேங்காய் துருவி, மாவு பிசையும் கொக்கி இரண்டும் கூடவே வரும். துருவி உருப்படியானது. கொக்கியைப் பெரும்பாலான வீடுகளில் அட்டைப் பெட்டிக்குள் பார்த்ததோடு சரி.

புதுக் கிரைண்டரில் அரைத்த மாவில் மணல் போலக் கடிபடுகிறதே?

கல் தூள் அது. கொத்திய கல்லின் மேல்பரப்பு படிய வேண்டும். கையளவு மலிவான அரிசியைத் தண்ணீரோடு போட்டுக் கால்மணி நேரம் ஓட்டிக் கொட்டிவிடுங்கள். கொட்டும் தண்ணீர் சாம்பல் நிறம் மாறி வெள்ளையாக வரும்வரை இதையே திரும்பச் செய்யுங்கள். அந்த மாவை வீணாக்க மனம் வராமல் தோசை வார்த்தவர்கள் உண்டு. வேண்டாம்.

சுவிட்சைப் போட்டால் ‘உம்’மென்று சத்தம் மட்டும் வருகிறது, சுற்றவில்லை. மோட்டார் போய்விட்டதா?

பத்தில் ஒன்பது பேர் இதைக் கேட்டதும் முகம் வாடிப் போகிறார்கள். உடனே அணைத்துவிடுங்கள், ‘சுற்றும், சுற்றும்’ என்று காத்திருந்தால்தான் மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் கம்பிச்சுருள், அதாவது காயில், உண்மையிலேயே கருகும்.

கிரைண்டரில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார். அதைச் சுற்றத் தொடங்க வைப்பதற்கு ஒரு கெப்பாசிட்டர் வேண்டும். அது வலுவிழந்தால் மோட்டாருக்கு மின்சாரம் போகும், உறுமும், ஆனால் அசையாது. ஓட்டலில் ஒரு மசால்தோசை சாப்பிட ஆகும் காசில் முடிகிற வேலை இது. பழைய கெப்பாசிட்டரில் எழுதியிருக்கும் அதே மைக்ரோஃபாரட் அளவில்தான் புதிதும் இருக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். பழக்கமில்லாதவர்கள் கை வைக்க வேண்டாம்.

கெப்பாசிட்டர் சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் வோல்டேஜ். நமக்கு வரவேண்டியது 230 வோல்ட். கோடை மாலையில் தெருவே ஏ.சி. போட்டிருக்கும்போது அது வெகுவாக இறங்கிவிடும் பகுதிகள் இருக்கின்றன. காலையில் ஓட்டிப் பாருங்கள். ஓடினால் கிரைண்டர் மேல் குற்றமில்லை.

மோட்டார் சுற்றுகிறது, டிரம் மட்டும் திணறி நிற்கிறது, ரப்பர் கருகும் வாடை வருகிறது என்றால் பெல்ட். தளர்ந்திருக்கும், அல்லது மாவுத் தண்ணீர் பட்டு வழுக்கும். டேபிள் டாப்பில் டிரம்மை நிரம்ப நிரம்பப் போட்டால் மாவு நடுக்குழாய் வழியாகக் கீழே இறங்கி பேரிங்கையும் பெல்ட்டையும் கெடுக்கும். கடைக்கு வரும் டேபிள் டாப்களில் பாதி இப்படி ‘இன்னொரு ஆழாக்கு போட்டுவிடலாம்’ என்ற ஆசையால் வந்தவை.

அரைத்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டால்?

முதலில் சுவிட்சை அணையுங்கள். மறந்துவிட்டு வேறு வேலைக்குப் போனால், கரண்ட் வந்ததும் ஆளில்லாத சமையலறையில் கிரைண்டர் தானாக ஓடத் தொடங்கும். கரண்ட் வந்த பிறகு, படிந்து இறுகிய மாவில் குழவி புதைந்திருக்கும். அப்படியே போட்டால் மோட்டார் திணறும். குழவியை எடுத்துவிட்டு மாவைக் கிளறிக் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, கையால் டிரம்மை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுப் போடுங்கள். 2012-இல் தமிழ்நாடு முழுவதும் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்த நாட்களில் இந்தப் பாடத்தை எல்லா வீடுகளும் கற்றுக்கொண்டன. இப்போது மறந்துவிட்டன.

ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி திடீரென்று நின்றுவிட்டது. புதிதாக வாங்க வேண்டுமா?

மிக்ஸியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் சிவப்புப் பொத்தான் ஒன்று இருக்கும். மோட்டாருக்குத் தாங்க முடியாத சுமை வரும்போது அது தானாக வெளியே வந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். ஐந்து, பத்து நிமிடம் ஆறவிட்டு, ஜாரில் பாதியை எடுத்துவிட்டு, பொத்தானை அழுத்துங்கள். ஓடும். இந்த ஒரு பொத்தானுக்காகப் பெட்டியில் கட்டிப் பேருந்தேறி மிக்ஸியைக் கொண்டு வருபவர்களிடம் காசு வாங்க எனக்கு மனம் வருவதில்லை.

ஆனால் பொத்தான் அடிக்கடி வெளியே வருகிறது, நீங்களும் அழுத்திக்கொண்டே இருக்கிறீர்கள் என்றால், அது சொல்வதை நீங்கள் கேட்கவில்லை என்று பொருள். வீட்டு மிக்ஸி இடைவிடாமல் ஓடுவதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஐந்து நிமிடம் ஓட்டினால் இரண்டு நிமிடம் ஓய்வு என்பதுபோல் பெட்டியோடு வரும் சிறு புத்தகத்திலேயே எழுதியிருப்பார்கள். அந்தப் புத்தகத்தைப் பிரித்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இன்னொன்று, காற்று. மோட்டாரைக் குளிர்விக்கும் துளைகள் அடியில் இருக்கின்றன. சத்தம் குறையட்டும் என்று மடித்த துண்டின் மேல் மிக்ஸியை வைத்தால் அதன் மூக்கைப் பொத்துகிறீர்கள். கரப்பான்பூச்சிக்கும் அந்தக் கதகதப்பு பிடிக்கும். திறந்து பார்க்கும்போது நான் கண்ட காட்சிகளைச் சாப்பிடும் நேரத்தில் யாராவது படித்துவிடக் கூடும் என்பதால் எழுதாமல் விடுகிறேன்.

புது மிக்ஸியில் கருகிய நாற்றம் வருகிறதே?

முதல் சில தடவை வரும். காயில் மேல் பூசிய வார்னிஷ் சூடாகும் வாடை அது. வாரங்கள் கழிந்தும் வந்தால் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

உள்ளே தீப்பொறி தெரிகிறது. ஆபத்தா?

மிக்ஸி மோட்டாரில் இரண்டு கார்பன் பிரஷ்கள் சுழலும் செம்பு வளையத்தை உரசிக்கொண்டே இருக்கும். சின்ன நீலப் பொறி வழக்கமானது. வளையத்தைச் சுற்றி வட்டமாகத் தீ ஓடுகிறது, வேகம் ஏறி ஏறி இறங்குகிறது என்றால் பிரஷ் தேய்ந்திருக்கும் அல்லது மோட்டாரின் சுழலும் பகுதியான ஆர்மேச்சர் பழுதாகியிருக்கும். முன்னது சில்லறைச் செலவு, பின்னது பெரிய செலவு. கிரைண்டரில் இந்த உரசலே கிடையாது. மிக்ஸி அலறுவதற்கும் கிரைண்டர் முணுமுணுப்பதற்கும் இதுவும் ஒரு காரணம்.

ஜாருக்கு அடியில் கறுப்பாகத் தண்ணீர் கசிகிறது.

பிளேடைத் தாங்கும் புஷ் தேய்ந்துவிட்டது. தேய்ந்த உலோகத் துகளும் பழைய எண்ணெயும் சட்னித் தண்ணீரும் சேர்ந்த கலவைதான் அந்தக் கறுப்பு. மேலே கசிவது கீழேயும் போகும், அதாவது மோட்டாருக்குள். அதே புஷ் வழியாக உங்கள் சட்னிக்குள்ளும் வரும். தள்ளிப் போடாதீர்கள். புஷ், பிளேடு, வாஷர் மூன்றையும் சேர்த்து மாற்றிவிடுவது நல்லது.

‘கடகட’வென்று சத்தம் வந்து பிளேடு சுற்றாமல் நிற்கிறது. மோட்டார் மட்டும் ஓடுகிறது.

கப்ளர் பல் போய்விட்டது. ஜாரையும் மோட்டாரையும் இணைக்கும் சின்னப் பிளாஸ்டிக் அல்லது ரப்பர் சக்கரம் அது. உள்ளே ஏதாவது சிக்கினால் மோட்டார் போவதற்குமுன் அது முதலில் தேய்ந்து உடையும். அந்த வகையில் உங்களுக்கு நல்லதே செய்திருக்கிறது. இரண்டு கப்ளர் வாங்கி ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். கழற்றும்போது கவனம்: பல மாடல்களில் மரை எதிர்த்திசையில் இருக்கும். வழக்கமாகத் தளர்த்தும் பக்கம் பலமாகத் திருகினால் இன்னும் இறுகும். மிக்ஸி நின்றுகொண்டிருக்கும்போதுதான் ஜாரை வைக்கவும் எடுக்கவும் வேண்டும். ஓடும்போதே தூக்குகிறவர்கள்தான் எனக்கு நிரந்தர வாடிக்கையாளர்கள்.

500 வாட்ஸ், 750 வாட்ஸ், 1,000 வாட்ஸ். எதை வாங்குவது?

வீட்டுக்கு 750 போதும். வாட்ஸ் கூடினால் மாவு நைஸாகாது. மோட்டாருக்குத் தம் கூடும், அவ்வளவுதான். நைஸாவது பிளேடின் கூர்மையாலும் ஜாரின் வடிவத்தாலும். முழு விரலி மஞ்சளை அப்படியே போட்டுவிட்டு வாட்ஸைக் குறை சொல்லாதீர்கள். உரலில் ஒரு தட்டுத் தட்டிப் போடுங்கள்.

நம் ஊர் அரவைக்குத் தம் வேண்டும் என்பது ஒரு வீட்டுச் சமையலறையில் தொடங்கிய கதை. 1960-களில் பம்பாயில் மாதுரி மாத்தூர் என்பவரின் ஜெர்மானிய மிக்ஸர் இந்தியச் சமையலுக்குத் தாக்குப்பிடிக்காமல் எரிந்துபோனது. பொறியாளரான அவர் கணவர் சத்ய பிரகாஷ் மாத்தூர், காய்ந்த மிளகாயையும் மல்லியையும் தேங்காயையும் தாங்குகிற வலுவான மோட்டாரோடு ஒன்றைச் செய்தார். அதுதான் சுமீத். எங்கள் தலைமுறையில் மிக்ஸி என்ற சொல்லே வராமல் ‘சுமீத்தில் அரைத்துவிடு’ என்று சொன்ன வீடுகள் உண்டு. வேறு நாட்டுக்காரர்கள் பழச்சாறுக்குச் செய்ததை நாம் கொப்பரைக்குப் பயன்படுத்தினால் அது என்ன செய்யும், பாவம்.

கிரைண்டர் போட்டால் கரண்ட் பில் ஏறுமா?

கணக்குப் போட்டுவிடுவோம். டேபிள் டாப் மோட்டார் பெரும்பாலும் 150 வாட்ஸ். முக்கால் மணி நேரம் ஓடினால் 0.11 யூனிட். வாரம் இரண்டு முறை அரைத்தாலும் இரண்டு மாதத்தில் 2 யூனிட்டைத் தாண்டாது. 750 வாட்ஸ் மிக்ஸியைத் தினம் கால்மணி நேரம் ஓட்டினால் அதே இரண்டு மாதத்தில் 11 யூனிட் ஆகும். நேரம் நீளமாக இருப்பதால் கிரைண்டர் மேல் பழி விழுகிறது. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016 முதல் இருக்கிறது. அதற்குள் இவை ஒரு மூலையில் அடங்கிவிடும். பில் ஏறியதற்குக் காரணம் தேடுகிறவர்கள் ஏ.சி.யையும் வாட்டர் ஹீட்டரையும் விசாரியுங்கள்.

கிரைண்டரைத் தொட்டால் லேசாக ஷாக் அடிக்கிறது. செருப்புப் போட்டுக்கொண்டால் சரியாகிவிடுகிறதே?

சரியாகவில்லை, உங்களுக்குத் தெரியாமல் போகிறது. உடனே நிறுத்துங்கள். மூன்று ஊசி பிளக்கில் மேலே இருக்கும் தடித்த ஊசி எர்த். பழைய வீடுகளில் அந்தத் துளை சும்மா இருக்கும், பின்னால் கம்பியே இருக்காது. இரண்டு ஊசி அடாப்டர் போட்டு மாட்டுகிறவர்களும் உண்டு. எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அப்படியே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் மெயினில் போடச் சொல்லுங்கள். கசிவு வந்தால் கண் இமைக்கும் நேரத்தில் மின்சாரத்தை அணைத்துவிடும். ஈரக் கையோடு, ஈரத் தரையில் நின்று நாம் பயன்படுத்தும் பொருள் இது. இந்த ஒரு விஷயத்தில் நான் விளையாட்டாகப் பேசுவதில்லை.

தொடுதிரை, டைமர், கைப்பேசிச் செயலி என்று புதிது புதிதாக வருகிறதே, வாங்கலாமா?

டைமர் வாங்கலாம். அரைமணி நேரத்தில் தானாக நின்றால், அரிசி மாவு கூழாகும்வரை தொடர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டோம். மற்றவற்றில் எனக்கு ஈடுபாடில்லை. ஆவியும் எண்ணெயும் பறக்கும் சமையலறையில், மாவு ஒட்டிய விரலால் தொடுதிரையைத் தொட்டால் அது திணறுகிறது. திருகு சுவிட்ச் பழுதானால் சுவிட்சை மட்டும் மாற்றுவேன். தொடு பலகை போனால் முழுப் பலகையையும் நிறுவனத்திடமிருந்து வரவழைக்க வேண்டும், அதுவும் அந்த மாடலை அவர்கள் இன்னும் செய்துகொண்டிருந்தால். குழவியைக் கல்லில் வைக்க நீங்கள் எப்படியும் கிரைண்டருக்குப் பக்கத்தில் போகத்தான் வேண்டும். செயலியில் தட்டி என்ன மிச்சம்?

‘ஐந்து ஆண்டு உத்தரவாதம்’ என்று எழுதியிருக்கிறது. ஆனால் ஜாருக்குக் காசு கேட்கிறார்களே?

சிறிய எழுத்தைப் படியுங்கள். அந்த ஐந்து ஆண்டு பெரும்பாலும் மோட்டாருக்கு மட்டும். கப்ளர், பிளேடு, பெல்ட், கேஸ்கெட் போன்ற தேயும் பொருள்களுக்கு அது செல்லாது. அடிக்கடி கெடுவது எதுவோ அதற்கு உத்தரவாதம் இருக்காது என்பது இந்த வியாபாரத்தின் நகைச்சுவை.

வாங்கிய அன்றே பில்லைப் புகைப்படம் எடுத்துவையுங்கள். கடைகளில் கொடுக்கும் வழவழப்பான வெப்பத்தாள் பில்லில் எழுத்து ஓரிரு ஆண்டில் மங்கிப் போகும். வெற்றுத் தாளை நீட்டி ‘இதுதான் பில்’ என்று சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன். இணையத்தில் வாங்கினால் பெட்டியைப் பிரிக்கும்போதே படம் எடுங்கள். வழியில் கல் விரிசல் விட்டிருந்தால் சான்று வேண்டும்.

நிறுவனம் கைவிரித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். குறை ஏற்பட்டதிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை.

அரசு கொடுத்த இலவச கிரைண்டரைப் பழுதுபார்க்கலாமா, போட்டுவிடலாமா?

2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய திட்டத்தில் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி மூன்றும் ரேஷன் அட்டைக் குடும்பங்களின் பெண்களுக்குக் கொடுக்கப்பட்டன. ‘இலவசம்தானே’ என்று இளக்காரமாகப் பேசியவர்கள் உண்டு. அவை இன்னும் என் கடைக்கு வருகின்றன. செத்துப் போயிருந்தால் வராது. திறந்து பார்த்தால் எளிய அமைப்பு, வழக்கமான பெல்ட், வழக்கமான கெப்பாசிட்டர். கல் நன்றாக இருந்தால் பழுதுபாருங்கள்.

மகள் அமெரிக்கா போகிறாள். இங்கிருந்து வாங்கிக் கொடுத்து அனுப்பலாமா?

இங்கே ஓடும் 230 வோல்ட் கிரைண்டர் அங்கே ஓடாது. அங்கே 120 வோல்ட். மின்மாற்றி வைத்து ஏற்றினாலும் அங்கே அதிர்வெண் 60 ஹெர்ட்ஸ், நமக்கு 50. இண்டக்‌ஷன் மோட்டார் ஐந்தில் ஒரு பங்கு வேகமாகச் சுற்றும். அங்குள்ள மின்சாரத்துக்கென்றே செய்த மாடல்களைக் கோவை, சென்னை நிறுவனங்கள் விற்கின்றன. அதை வாங்குங்கள், அல்லது அங்கேயே வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். சிங்கப்பூர், மலேசியா, இலங்கை என்றால் கவலையில்லை. வோல்டேஜும் அதிர்வெண்ணும் நமக்கு ஒத்தவை, பிளக் மட்டும் மாற வேண்டியிருக்கும்.

அமெரிக்கா என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அங்கே சிறிய அளவில் சாக்லேட் செய்பவர்கள் நம் டேபிள் டாப் கிரைண்டரைப் பிடித்துக்கொண்டுவிட்டார்கள். வறுத்த கொக்கோவையும் சர்க்கரையையும் போட்டு ஒரு நாள், இரண்டு நாள் இடைவிடாமல் ஓட்டுகிறார்கள். கல் மெதுவாக நசுக்குவதால் நாக்கில் நெருடாத வழவழப்பு வருகிறதாம். இதற்கென்றே வலுவான பெல்ட், மோட்டார் வைத்த மாடல்களும் வந்துவிட்டன. உளுந்துக்காகக் கோவையில் பிறந்த கல்லுக்கு இப்படி ஒரு யோகம். வீட்டுக் கிரைண்டரில் நீங்கள் முயலாதீர்கள், அதற்கு அந்தத் தாக்குப்பிடிப்பு கிடையாது.

தெருமுனையில் மாவு கிடைக்கிறது. இவ்வளவு பாடு எதற்கு?

தனியாக இருப்பவர்கள், இருவரும் வேலைக்குப் போகும் வீடு என்றால் தாராளமாக வாங்குங்கள், குற்ற உணர்வு வேண்டாம். அந்த மாவும் ஏதோ ஒரு கிரைண்டரில் அரைத்ததுதான், அதைப் பழுதுபார்த்தவனும் என்னைப் போல் ஒருவன்தான். என் குறை ஒன்றே: வெயில் காலத்தில் மாலைக்குள் அது புளித்துப் பொங்கிப் பை உப்பிவிடும். காலையில் வாங்கி நேரே ஃபிரிட்ஜில் வையுங்கள்.

காயில் கட்டுவதா, புதிதாக வாங்குவதா?

மோட்டார் உண்மையிலேயே கருகியிருந்தால்தான் இந்தக் கேள்வி. கிரைண்டர் என்றால் கட்டலாம். கல்லும் டிரம்மும் நன்றாக இருக்கும்போது மோட்டாருக்காக அதைத் தூக்கிப் போடுவது வீண். கட்டக் கொடுக்கும்போது செம்புக் கம்பியா, அலுமினியமா என்று கேளுங்கள். அலுமினியம் மலிவு, சீக்கிரம் சூடாகி மறுபடி உங்களை அழைத்து வரும். பழைய கம்பியை எடை போட்டுக் கழித்துக்கொள்வது வழக்கம், அதையும் பேசிக்கொள்ளுங்கள். மிக்ஸியில் ஆர்மேச்சரும் ஃபீல்டு காயிலும் சேர்ந்து போயிருந்தால் புதிய மிக்ஸி விலையில் பாதியைத் தாண்டும். அப்போது வேண்டாம் என்று நானே சொல்லிவிடுவேன். பழைய ஜார்களை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதே நிறுவனத்தின் புது மிக்ஸி வாங்கினால் பெரும்பாலும் பொருந்தும். கடைக்குப் போகும்போது பழைய ஜார் ஒன்றைக் கையோடு கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள்.